பாதி வைத்தியம் வீட்டில்

பாப்லோ பிக்காசோவின் வீட்டில் யாருக்கும் இல்லாத உரிமை ஒரு நாய்க்கு இருந்தது. புகைப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் 1957-இல் பிரான்ஸின் கான் நகரத்து வீட்டுக்கு அழைத்துவந்த லம்ப் என்ற டாஷண்ட், அன்றே அங்கு குடியேறிவிட்டது. பிக்காசோ அதைத் தன் ஓவியங்களிலும் சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து லம்பின் முதுகு பழுதாகி, பின்னங்கால்கள் செயலிழந்தன. உள்ளூர் மருத்துவர் கைவிரித்துவிட்டார். டங்கன் சும்மா இருக்கவில்லை. நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார். அங்கே கிடைத்த சிகிச்சையில் லம்ப் பிழைத்தது. நடை சற்றுத் தள்ளாடினாலும் தன் கால்களிலேயே நடந்து, 1973 மார்ச்சில் இறந்தது. சில நாட்களில் பிக்காசோவும் மறைந்தார்.

கான் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஊர்களில், பின்னங்கால் விழுந்த நாய்க்குக் கருணைக்கொலைதான் வைத்தியம்.

இந்த நோய் டாஷண்டைத் தேடி வருவதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. வளைக்கரடியை அதன் பொந்துக்குள்ளேயே போய் மடக்குவதற்காக, குட்டைக் கால்களுள்ள நாய்களைத் தேர்ந்தெடுத்து ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் பல தலைமுறை இனப்பெருக்கம் செய்தார்கள். 1888-இல் அந்த இனத்துக்கென்றே ஜெர்மனியில் ஒரு சங்கமும் தோன்றியது. காலைக் குட்டையாக்கும் மரபுக்கூறு, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் டிஸ்க்கையும் கெடுத்துவந்தது அப்போது யாருக்கும் தெரியாது. டிஸ்க்கின் நடுவில் இருக்க வேண்டிய கூழ், இந்த நாய்களில் ஒரு வயதுக்குள்ளாகவே காயத் தொடங்கிச் சுண்ணாம்பு படிகிறது. பிறகு ஒருநாள், சோபாவிலிருந்து குதிக்கும்போதோ வெறுமனே திரும்பும்போதோ, அது வெடித்து மேலே உள்ள தண்டுவடத்தில் மோதுகிறது. பெரும்பாலும் கடைசி விலா எலும்புகள் முடியும் இடத்தில்தான் வெடிக்கும். அதற்கு முன்னால் உள்ள டிஸ்க்குகளின் மேல், இரு பக்க விலா எலும்புகளை இணைக்கும் தசைநார் குறுக்கே ஓடிக் காப்பாற்றுகிறது. கடைசி விலாக்களுக்கு அந்தக் காவல் இல்லை.

இதைக் கண்ணால் கண்ட முன்னோடிகளில் ஒருவர் ஹெர்மன் டெக்ஸ்லர் என்ற ஆஸ்திரியக் கால்நடை மருத்துவர். 1890-களில், வாதத்தில் இறந்த நாய்களின் முதுகெலும்பைத் திறந்து பார்த்தார். தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்த கட்டியை அவர் குருத்தெலும்பு வளர்ச்சி என்று எழுதிவைத்தார். மனித மருத்துவமும் இதே இடத்தில்தான் நீண்டகாலம் தடுமாறியது. 1934-இல் பாஸ்டன் நகரத்தின் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், மனிதர்களின் முதுகில் அப்படிக் கட்டி என்று சொல்லப்பட்டவற்றில் பல, இடம்பெயர்ந்த டிஸ்க்கே என்று நிறுவினார்கள். அதன் பிறகுதான் நாய்களின் பக்கமும் வெளிச்சம் விழுந்தது.

வெளிச்சம் முழுதாக வந்தது ஸ்டாக்ஹோமிலிருந்து. அங்கிருந்த அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்டென்-எரிக் ஒல்சன் 1951-இலும் ஹான்ஸ்-யோர்கன் ஹான்சன் 1952-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறையின் அடித்தளம். திடீரென்று வெடிக்கும் டிஸ்க், மெல்ல மெல்லப் புடைக்கும் டிஸ்க் என்று ஹான்சன் பிரித்த இரு வகைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. எலும்பில் ஜன்னல் வெட்டித் தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கும் அறுவையும் அதே காலத்தில் அமெரிக்காவில் உருவானது. அலபாமாவின் ஆபர்னில் ஹோர்லைன் என்ற கால்நடை மருத்துவர் அதைச் செம்மைப்படுத்தினார். சுவீடனில் பெரிட் ஃபுங்க்விஸ்ட் என்ற பெண்மணி 1962-இல் மேற்புறமாகத் திறக்கும் முறையை விரிவாக எழுதினார். இன்றைய அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் செய்வது இவர்கள் வகுத்த வழியைத்தான். எம்.ஆர்.ஐ. வந்ததால் எந்த இடத்தில் திறப்பது என்பது முன்பைவிடத் துல்லியமாகத் தெரிகிறது.

வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. கத்தி பிடித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மயக்கம் தெளிந்து, தையலோடு வீட்டுக்கு வந்த நாயை இரவும் பகலும் பார்த்துக்கொண்டவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அறுவை என்பது அழுத்தத்தை நீக்குவது மட்டுமே. நசுங்கிய நரம்பைக் கத்தியால் சரிசெய்ய முடியாது. நரம்பு தானாகத் தேறும்வரை நாயைச் சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணும் கொல்லாமல் பார்த்துக்கொள்வது மீதி வைத்தியம். அது நடப்பது வீட்டில்.

பின்னங்கால் செயலிழந்த நாய்க்கு மூத்திரம் போகவும் முடியாமல் போகலாம். பை நிரம்பி வழிவதைப் பார்த்து, நாய் தானாகவே போகிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, வயிற்றின் இரு பக்கமும் கைவைத்து, பையை நிதானமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. மருத்துவமனையில் ஒருவர் நம் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டித்தர வேண்டும். படுத்த பக்கமே கிடக்காமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். வெளியே அழைத்துப்போகையில் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரமாவது கூண்டிலோ சின்ன இடத்திலோ ஓய்வு. நாய்க்குத் தெம்பு வந்து துள்ளத் தொடங்கும் வாரத்தில்தான் வீட்டில் உள்ளவர்களின் மனவுறுதிக்கு உண்மையான சோதனை வருகிறது.

நடுவில் ஒரு தவறான பாதையும் உண்டு. 1990-இல் மனிதர்களின் தண்டுவடக் காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு உதவுவதாக ஓர் ஆய்வு வந்ததும், கால்நடை மருத்துவர்களும் அதைக் கையிலெடுத்தார்கள். குடலில் புண்ணும் இரத்தப்போக்கும் வந்த நாய்கள் ஏராளம். 2016-இல் அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, கடுமையாக வாதம் தாக்கிய நாய்களிடம் அந்த ஊசியால் எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை.

பிசியோதெரபியின் கதை வேறு. நீருக்கடியில் டிரெட்மில் நடை, கைகால் நீட்டல் என்று நாய்களுக்கான மறுவாழ்வு மருத்துவம் 1990-களின் இறுதியில் தனித்துறையாக எழுந்தது. 2018-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அறுவைக்குப் பிறகு தீவிரப் பயிற்சி பெற்ற நாய்களையும் எளிய பயிற்சி மட்டும் பெற்றவற்றையும் ஒப்பிட்டது. உணர்ச்சி முழுதும் போகாத நாய்கள் அவை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறின. தீவிரப் பயிற்சியால் கேடும் இல்லை. பெரிய கருவிகளுக்குப் பணமில்லாத குடும்பங்கள் இதைக் கேட்டு நிம்மதியடையலாம். பொறுமையாகக் காலை மடக்கி நீட்டி, துண்டைப் பிடித்து நடத்திய கைகள் தோற்கவில்லை என்று அந்த முடிவைப் படிக்க முடியும்.

2012-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இன்னொரு சோதனை உலகச் செய்தியானது. 34 செல்லநாய்கள் அதில் பங்கேற்றன. நாயின் மூக்குச் சவ்விலிருந்து எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் செலுத்தியபோது, சில நாய்களின் பின்னங்கால் அசைவு முன்னங்காலோடு இசைந்தது. ஜாஸ்பர் என்ற டாஷண்ட் டிரெட்மில்லில் நடக்கும் படம் எங்கும் பரவியது. ஆனால் மூளைக்கும் காலுக்குமான தொடர்பு பொதுவாகத் திரும்பவில்லை, சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தெளிவான முன்னேற்றம் இல்லை. அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கால் விழுந்து பல மாதங்கள் கடந்த நாய்கள் அவை. யாரோ தினமும் மூத்திரம் எடுத்து, துடைத்து, புரட்டிப் போட்டதால்தான் அவை அந்த ஆய்வகத்துக்கு உயிரோடு வந்தன. அறிவியல் அந்த நாய்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால், அவற்றின் வீட்டாருக்கும் கடன்பட்டிருக்கிறது.

நோயின் வேரும் இப்போது தெரிந்துவிட்டது. 2009-இல் குட்டைக் காலுக்கான எப்.ஜி.எப்.4 மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று கண்டறியப்பட்டது. 2017-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு அதே மரபணுவின் இன்னொரு நகலை 12-ஆம் குரோமோசோமில் கண்டு, டிஸ்க் நோயோடு இணைத்தது. டாஷண்ட் மட்டுமல்ல, பீகிள் போன்ற இனங்களிலும் அது உண்டு. டென்மார்க், பின்லாந்து நாடுகளில் இனப்பெருக்கத்துக்கு முன் நாயின் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க்குகளை எண்ணுகிறார்கள். மற்ற நாடுகளின் வளர்ப்பாளர்களும் இதைப் பின்பற்றினால்தான் வரும் தலைமுறை நாய்கள் தப்பிக்கும்.

நம் வீடுகளிலும் டாஷண்ட் இருக்கிறது, வழவழப்பான டைல்ஸ் தரையும் இருக்கிறது. கயிற்றுப் பாயோ ரப்பர் விரிப்போ போட்டுவையுங்கள். நாய் திடீரென்று பின்னங்காலை இழுத்தால் நாளை பார்க்கலாம் என்று விடாமல், பலகையில் படுக்கவைத்து அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பின்னங்கால் விரலை அழுத்தினால் வலி தெரிகிற நாய்களில் பெரும்பாலானவை அறுவைக்குப் பிறகு நடக்கின்றன. அந்த உணர்வும் போய்விட்ட பிறகு, தேறுவது ஏறக்குறைய பாதிதான். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், மூத்திரப்பையை எப்படி அழுத்துவது என்று காட்டச்சொல்லி, உங்கள் கையால் ஒருமுறை செய்துபார்த்த பிறகே நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.