மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரும் எங்க சுருளிப்பட்டியும்

மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டபோது முதலில் பயந்துவிட்டேன். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். அதோடு நான் இந்த ஊரில் பிறந்தவளும் இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரி பூமியில் பிறந்து, கல்யாணமாகி சுருளிப்பட்டிக்கு வந்தவள். ஒரு குடம் தண்ணீருக்கு விடிய விடியக் காத்துக் கிடந்த ஊரிலிருந்து வந்த எனக்கு, இங்கே வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டது. இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுருளி அருவிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். கிழக்கே மேகமலை. மேற்கே குமுளி, கம்பம்மெட்டு மலை. இரண்டுக்கும் நடுவில் தொட்டில் மாதிரி கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஜனங்கள் சுருளியில் முழுகி, முன்னோருக்குத் திதி கொடுத்துவிட்டுப் போவார்கள். சித்ரா பௌர்ணமி அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கூடலூர் மலைமேல் இருக்கிற கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக நடந்து ஏறுவார்கள். எங்கள் குழுவிலும் ஒரு வருஷம் ஏழு பேர் போய் வந்தோம்.

மேலே நின்று பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மேற்கே எல்லாம் அடர்ந்த காடு, ஈரம். கிழக்கே கீழே இறங்க இறங்க மழை குறைவு. தென்மேற்குப் பருவ மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் சாரலும் காற்றுமாகத்தான் வரும். பெரியாறு அந்தப் பக்கம் பிறந்து, அந்தப் பக்கமே ஓடி, அரபிக் கடலில் விழுகிற ஆறு. இந்தப் பக்கம் வைகையை நம்பியிருந்த மதுரை, ராமநாதபுரம் சீமைகள் காய்ந்து கிடந்தன.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்கிற யோசனை 200 வருஷத்துக்கு முந்தியது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். 1808-ல் கால்டுவெல் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் வந்து பார்த்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். அப்புறம் 1876 முதல் 1878 வரை பெரிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் இந்த வேலையைக் கையில் எடுத்தது.

ஆற்றுப் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1886 அக்டோபர் 29-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 8000 ஏக்கர் நிலம், 999 வருஷக் குத்தகை. ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1970-ல் இதை 30 ரூபாயாகக் கூட்டினார்கள். 1887-ல் கர்னல் பென்னிகுவிக் தலைமையில் வேலை ஆரம்பித்தது. கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கி என்றால் செங்கல்லைச் சுட்டு அரைத்த பொடி. சிமெண்ட் கிடையாது. வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள். யானை, மலைக் காய்ச்சல், காலரா எல்லாவற்றுக்கும் நடுவில் வேலை நடந்தது. கூலிக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் மலையிலேயே மண்ணாகிப் போனார்கள். 1895 அக்டோபர் 10-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்து வைத்தார்.

தேக்கின தண்ணீர் தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. முன்பு அப்படியே பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. 1950-களின் கடைசியில் லோயர்கேம்ப்பில் மின்சார நிலையம் கட்டி, நான்கு பெரிய குழாய்களில் இறக்கினார்கள். மிச்சத் தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பேர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு அந்தத் தண்ணீர் ஆறாக எங்கள் பள்ளத்தாக்கில் ஓடி, மேகமலையிலிருந்து வருகிற சுருளித் தண்ணீரும் சேர்ந்து, வைகைக்குப் போகிறது. நாங்கள் வயலுக்குப் பாய்ச்சியதுபோக தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கு அது போய்ச் சேர்கிறது. 1959-ல் கட்டின வைகை அணையில் தேங்குவதிலும் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் பாசனம் 14,707 ஏக்கர் என்று கணக்கு. உத்தமபாளையம் தாலுகாவில் 11,807, தேனியில் 2,412, போடியில் 488. இதற்கு 17 வாய்க்கால். அதற்குப் பிறகு வெட்டினதால்தான் தேவாரம், போடி பக்கம் போகிற கால்வாய்க்குப் 18-ஆம் கால்வாய் என்று பேர். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ல் மதகைத் திறப்பார்கள். மதகு திறந்தது என்று கேள்விப்பட்டதும் ஊரே மாறிப்போகும். நாற்றங்கால், தொழி உழவு, நடுகை, களை எடுப்பு. நடுகையும் களையும் பொம்பளை வேலை. பாட்டும் சண்டையும் ஊர்க்கதையும் எல்லாம் அந்தச் சேற்றில்தான்.

சுருளிப்பட்டிக்கு நெல் ஒரு கண் என்றால் திராட்சை இன்னொரு கண். 1832-ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, இன்றைக்கு எங்கள் ஊர், நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையான்பட்டி, கூடலூர் எல்லாம் பந்தல் பந்தலாக நிற்கிறது. மற்ற இடங்களில் சீசன் முடிந்த பிறகும் எங்களிடம் பழம் இருக்கும். கவாத்து செய்ததிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கொத்து வாங்கிக் கொடுத்து சந்தோஷப்பட்டோம். பந்தலுக்குக் கீழே கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்து இலை கிள்ளுவதும், கெட்ட பழம் கழித்துப் பெட்டியில் அடுக்குவதும் நம் கைகள்தானே.

இனி வரலாற்றுப் புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை எல்லாம் கேரளாவோடு சேர்ந்தன. எல்லை மாறினாலும் வேலைக்குப் போகிற பாதை மாறவில்லை. தண்ணீர் அங்கிருந்து இங்கே வருகிறது. நம் உழைப்பு இங்கிருந்து அங்கே போகிறது. ஒரே மலை, இரண்டு வழி.

எங்கள் அத்தை 22 வருஷம் அந்த ஜீப்பில் போனவர். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை பெரிதானது. பாதைகள் அடைபட்டன. ஏலத்தோட்டத்து வேலை நின்றது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை வேறு. ஒரு நாள் ராத்திரி அத்தை வீடு திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம், நடந்தும் ஏறியும் இறங்கியும் காலெல்லாம் முள் குத்தி வந்து சேர்ந்தார். "ஏன் அத்தை, இப்படிப் போய்த்தான் ஆகணுமா?" என்று அழுதேன். "தண்ணிக்குச் சண்ட போடுறவுக போடட்டும் தாயி. அந்தத் தோட்டத்துக்காரிச்சி ராவெல்லாம் எங்களை அவ வீட்டுல வச்சிருந்து கஞ்சி ஊத்துனா. அதையும் மறந்துராத" என்றார். அந்த மாசம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது குழுவில் வாங்கின உள்கடனில்தான். 2,000 ரூபாய். இன்றைக்கு அது பெரிய தொகை இல்லை. அன்றைக்கு அரிசியும் பால் பவுடரும் அதுதான்.

அணையின் நீர் தேக்கும் உயரம் 152 அடி. 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். பிறகு அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் நவம்பரில் 142 அடி நிறைந்தபோது இங்கே பட்டாசு வெடித்தார்கள். பென்னிகுவிக்கின் பிறந்த நாள் ஜனவரி 15. பாலார்பட்டியிலும் எங்கள் ஊர்ப் பக்கமும் அவர் பேரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபமும் திறந்தார்கள். நன்றி மறக்காத ஜனங்கள் நாம். ஆனால் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. பொங்கல் வைக்கும்போது நான் அவர்களையும் நினைத்துக்கொள்வேன்.

இதை எல்லாம் நான் தேடித் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்கு வாய்க்காலை ஒட்டி 40 சென்ட் வயல் இருக்கிறது. 2016-ல் மழை பொய்த்து, போட்ட காசு கைக்கு வரவில்லை. அதிலிருந்து கடன். இரண்டு வருஷம் முன்னால் பிளாட் போடுகிறவர்கள் வந்து விலை பேசினார்கள். வயலில் 10 வருஷம் பாடுபட்டாலும் கிடைக்காத பணம். வீட்டுக்காரருக்கும் மனசு ஆடிவிட்டது. மகள் படிப்பு இருக்கிறது, கடன் இருக்கிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தைதான் கேட்டார்: "மலையக் கொடைஞ்சு கொண்டாந்த தண்ணிய, வீட்டு வாசல்ல சாக்கடையா ஓட விடப்போறீகளா?"

அத்தை கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி மட்டும் கடனை அடைக்காதே. குழுவில் பேசினேன். வங்கிக் கடனில் என் பங்கை வாங்கி, வட்டிக் கடை நகையை மீட்டேன். இப்போதைக்கு வயல் எங்களிடம் இருக்கிறது. எங்கள் வயலுக்கு இரண்டு பக்கமும் கல் ஊன்றிவிட்டார்கள். வாய்க்காலில் குப்பை விழுகிறது. அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்றால் நாங்களே இறங்கித் தூர் வார வேண்டும். 14,707 ஏக்கர் என்று ஏட்டில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

அந்தப் பேச்சு வந்தபோது நான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பட்டா வீட்டுக்காரர் பேரில் மட்டும்தான். விற்றிருந்தால் என் கையெழுத்துக்கூடத் தேவைப்பட்டிருக்காது. எங்கள் குழுவில் 14 பேர். எல்லோருமே வயலில் நிற்கிறவர்கள். பட்டாவில் பேர் இருப்பது இரண்டு பேருக்கு. இரண்டு பேரும் வீட்டுக்காரரை இழந்தவர்கள். புருஷன் போனால்தான் பொம்பளை பேர் பட்டாவில் ஏற வேண்டுமா? நான் கேட்கிறேன், நீங்களும் யோசியுங்கள்.

அதனால் கூட்டமைப்புக்கு என்னுடைய வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தங்கள் ஊர் வாய்க்கால், கண்மாய், கிணறு என்னென்ன, எது எங்கேயிருந்து வருகிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். இரண்டாவது, நிலத்துக்காகக் குழு வழியாகக் கடன் வாங்கும் வீடுகளில் பட்டாவில் மனைவி பேரையும் சேர்க்கச் சொல்லி நாம் பேச வேண்டும். என் வீட்டுக்காரர் கூட்டுப் பட்டாவுக்குச் சம்மதித்திருக்கிறார். மனு எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் மதகு திறந்த அன்றைக்கு அத்தையை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். முட்டி வலியோடு மெதுவாக நடந்து வந்தார். முதல் தண்ணீர் சருகையும் பிளாஸ்டிக் பையையும் தள்ளிக்கொண்டு கலங்கலாக வந்தது. அத்தை குனிந்து பிளாஸ்டிக் பைகளைக் குச்சியால் இழுத்துக் கரையில் போட்டார். நானும் இறங்கினேன். மறுநாள் நாற்றுப் பாவினோம்.