உரோமாபுரி வீதிகளில் ஒரு சரித்திர ஆசிரியர்

புதியதொரு நகருக்குச் செல்வோர் எவருக்கும் முதல் நாளிலேயே ஒரு கேள்வி எழுவதுண்டு. இடமறிந்த வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொண்டு அவர் காட்டும் வழியே நடப்பதா? அல்லது தனியே நடந்து, கண்ணிற் பட்டவற்றைக் கண்டு நாமே அறிந்துகொள்வதா? நேரமும் பணமும் மட்டுமே இக்கேள்வியில் அடங்கியவை என்று எண்ணுதல் தவறு. ஒரு நகரின் கதையை யார் வாயிலாகக் கேட்கிறோம், கேட்டதை எவ்வளவு நம்புகிறோம் என்பதும் இதிலே அடங்கியுள்ளது. உரோமாபுரிக்குச் சென்ற ஒருவருடைய அனுபவம் இதற்கு நல்ல விளக்கமாக அமைகின்றது.

1764ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில், எட்வேட் கிபன் என்னும் ஆங்கிலேய இளைஞர் அந்நகரை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 27. உரோமப் பேரரசின் தளர்வையும் வீழ்ச்சியையும் பற்றி, 1776 முதல் 1788 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த பெருநூலை எழுதியவர் இவரே. அக்காலத்திலே இங்கிலாந்தின் செல்வக் குடும்பத்து இளைஞர் பலர் இத்தாலிக்கு யாத்திரை செய்வது வழக்கமாயிருந்தது. அவர்களை அழைத்துச் சென்று பழஞ்சின்னங்களைக் காட்டுவதைத் தொழிலாகக் கொண்டோரும் உரோமாபுரியில் இருந்தனர். அவர்களுடைய பேச்சு வன்மையைக் கருதிப் போலும், பண்டைய நாவலர் சிசரோவின் பெயரால் அவர்களைச் ‘சிசரோனே’ என்று அழைத்தனர்.

கிபன் வெறுங்கையோடு வந்தவரல்லர். வருமுன்னரே சுவிற்சர்லாந்து நாட்டின் லோசான் நகரிலே தங்கி, பண்டை இத்தாலியின் ஊர்களையும் வீதிகளையும் பற்றிய நூல்களைக் கற்றுக் குறிப்பெடுத்திருந்தார். ஆயினும், வந்தவுடன் வழிகாட்டியை அவர் நாடவில்லை. முதல் இரவு உறக்கம் கொள்ளாது கழிய, மறுநாள் பழைய மன்றத்தின் இடிபாடுகளுக்கிடையே நடந்தார். கற்ற நூல்களிலே கண்ட இடங்கள் யாவும் கண்முன் தோன்றின. மயக்கம் கொண்டவர் போலச் சில நாட்கள் அவ்வாறே கழிந்தன என்று தம் வாழ்க்கைக் குறிப்பிலே அவர் எழுதியுள்ளார்.

அதன் பின்னரே ஜேம்ஸ் பயர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரை வழிகாட்டியாகக் கொண்டார். பயர்ஸ் கட்டடக் கலை பயின்றவர், பழம்பொருள்களின் தரமறிந்தவர். அதே வேளை பழம்பொருள் வாணிகமும் செய்தவர். காட்டுபவரே விற்பவராகவும் இருக்கும்போது கேட்பவர் விழிப்பாயிருத்தல் வேண்டுமன்றோ? கிபன் நாள்தோறும் அவரோடு நடந்தார். இவ்வாறு 18 வாரங்கள் சென்றன. சில வேளைகளில் கவனம் சோர்ந்துபோயிற்று என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அப்பயிற்சியின் முடிவில், சிறந்தவற்றைத் தாமே தெரிந்தெடுத்து மீண்டும் பார்த்துக் கற்கும் தகுதி பெற்றதாகக் கூறுகிறார். வழிகாட்டியாற் பெறக்கூடிய பெரும்பயன் இதுவே: பின்னர் வழிகாட்டியின்றி நடக்கும் ஆற்றல்.

இனி, வழிகாட்டிகள் சொல்வன யாவும் உண்மையாகுமா? 1764 ஒக்டோபர் 15ஆம் நாள் கபிற்றோல் குன்றின் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்தபோது, யூப்பிற்றர் தேவனின் ஆலயத்திலே வெறுங்காற் துறவிகள் மாலைச் செபம் பாடக் கேட்டதாகவும், அப்போதே தம் நூலைப் பற்றிய எண்ணம் உதித்ததாகவும் கிபன் எழுதினார். அக்குன்றிற்கு இரு சிகரங்கள் உண்டு. துறவிகளின் கோவில் நின்ற சிகரத்திலேயே பண்டை யூப்பிற்றர் ஆலயமும் இருந்ததென்று அக்காலத்தில் பலர் நம்பினர். 19ஆம் நூற்றாண்டின் அகழ்வுகள், அவ்வாலயம் மற்றைச் சிகரத்தில் இருந்ததைக் காட்டின. அவ்வளவு கற்றவரும், ஊரார் கூறிய பிழையிலிருந்து தப்பவில்லை.

அதே குன்றின் முற்றத்திலே கிபன் கண்டிருக்கக்கூடிய வெண்கலச் சிலையொன்றின் கதை இன்னும் வியப்பானது. அது குதிரைமீதமர்ந்த மார்க்கஸ் ஒரேலியஸ் பேரரசரின் சிலை. இடைக்காலத்து மக்கள் அதனைக் கிறித்தவத்தைத் தழுவிய கொன்ஸ்ரன்ரைன் பேரரசரின் சிலையென்று கருதினர். 12ஆம் நூற்றாண்டிலே யாத்திரிகருக்காக எழுந்த உரோமாபுரி வழிகாட்டி நூலோ அதனை மறுத்து, பகையரசனைச் சிறைப்பிடித்த ஒரு வீரனின் உருவம் அதுவென்றது. இரண்டும் பிழையே. ஆயினும் பேரரசர்களின் வெண்கலச் சிலைகள் பல உருக்கப்பட்டு மறைந்த காலத்தில், கொன்ஸ்ரன்ரைன் என்ற எண்ணமே இச்சிலையைக் காத்தது என்பது அறிஞர் துணிபு. 1538இல் இச்சிலை கபிற்றோல் குன்றுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அசல் அங்குள்ள நூதனசாலையினுள்ளும், அதன் படி முற்றத்திலும் உள்ளன.

ஆகவே, வழிகாட்டியின் சொல் பிழையாயினும் அதுவும் அந்நகரின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதனைக் கேளாது விடுவோர் ஊரார் நெஞ்சிற் பதிந்த நகரை அறியார். அதனை மட்டுமே கேட்போர் கல்லிலும் மண்ணிலும் உள்ள நகரை அறியார்.

நேயர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குக் கிபன் இரண்டில் ஒன்றை விடையாகத் தரவில்லை, ஒழுங்கொன்றைத் தருகிறார். முதலிலே படித்தார், பின்பு தனியே நடந்து வியந்தார், பின்பு அறிந்தவரோடு நடந்து கேட்டார், இறுதியிலே மீண்டும் தாமே தெரிந்து பார்த்தார். அவருக்குப் பல மாதங்கள் கிடைத்தன. நமக்கு இரண்டு நாட்களே கிடைக்கலாம். முதல் நாள் முற்பகலில் வழிகாட்டியைப் பின்தொடர்ந்தவர், பிற்பகலில் அவர் காட்டிய இடமொன்றுக்காயினும் தனியே திரும்பிச் செல்வாராயின், கேட்டது வேறு கண்டது வேறு என்பதை உணர்வார். சரித்திரக் கல்வி தொடங்கும் இடமும் அதுவே.