சிவப்பு விண்மீனின் காற்று கண்டறியப்பட்ட கதை

முதுமை எய்திய சிவப்பு விண்மீன்கள் தம் வாயுவை ஓயாமல் விண்வெளியில் வீசிக்கொண்டிருக்கின்றன. இன்று இதில் யாருக்கும் ஐயமில்லை. 1956 வரை இதற்கு உறுதியான சான்று கிடையாது.

தடயம் மட்டும் முன்பே கிடைத்திருந்தது. 1935இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த வால்டர் ஆடம்ஸும் எலிசபெத் மெக்கார்மக்கும் குளிர்ந்த பெருவிண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார்கள். சில கருங்கோடுகள் நீலப் பக்கமாகச் சற்றே விலகியிருந்தன. ஒளியை உட்கவரும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடுகள் அப்படித்தான் நகரும். ஆனால் வேகமோ நொடிக்குச் சில கிலோமீட்டர்தான். விண்மீனின் பரப்பிலிருந்து தப்பிப்போக அதைப்போலப் பல மடங்கு வேகம் வேண்டும். மேலெழும் வாயு நீரூற்றைப் போல மீண்டும் விழுந்துவிடும் என்று 1939இல் லைமன் ஸ்பிட்சர் கருதினார்.

விண்மீனைவிட்டு விலக விலக அதன் பிடி தளரும்; வெகு தொலைவில் சிறு வேகமே தப்பிக்கப் போதும். ஆனால் கோட்டின் நகர்விலிருந்து வேகத்தைத்தான் கணக்கிடலாம். வாயு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது அதில் தெரியாது.

அந்தத் தொலைவை அளக்க வழி கண்டவர் ஆர்மின் டாய்ச். மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் பணியாற்றிய அவர் எடுத்துக்கொண்டது ரசால்கெத்தி என்னும் ஆல்ஃபா ஹெர்குலிஸ். இந்தச் சிவப்பு விண்மீனுக்கு ஒரு மஞ்சள் துணை உண்டு. இரண்டுக்கும் இடையே பூமி–சூரியன் தொலைவைப்போல ஏறத்தாழ 500 மடங்கு இடைவெளி. சிவப்பு விண்மீனின் நிறமாலையில் நீலப் பக்கம் விலகியிருந்த அதே நுண்கோடுகள் துணையின் ஒளியிலும் பதிந்திருந்தன!

அவை துணைக்கே உரிய கோடுகளாக இருக்கலாமே? அந்தத் துணையும் ஓர் இரட்டை விண்மீன். சுமார் 52 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அதற்கேற்ப அதன் சொந்தக் கோடுகள் முன்னும் பின்னும் அசைந்தன; நுண்கோடுகள் அசையவில்லை. ஆகவே அவை சிவப்பு விண்மீனின் வாயுவில் உண்டானவை. அந்த வாயு துணையையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அங்கே அதன் வேகம் நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அத்தனை தொலைவில் விண்மீனின் ஈர்ப்பை வெல்ல அந்த வேகமே தாராளம். வாயு திரும்பாது என்பது 1956இல் உறுதியானது. சூரியனும் வாயுவை வீசுகிறது என்னும் யூஜின் பார்க்கரின் சூரியக் காற்றுக் கோட்பாடு வெளிவந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

அதுவரை, விண்மீன் பிறந்தபோது இருந்த நிறையிலேயே முதுமையடைவதாகக் கணக்கிட முடிந்தது. அதன்பின் அது முடியாமல் போயிற்று. ஒளிர்வு, ஆரம், நிறை ஆகியவற்றைக் கொண்டு இந்த நிறையிழப்பைக் கணிக்க 1975இல் டீட்டர் ரைமர்ஸ் ஒரு சூத்திரம் வகுத்தார். விண்மீன்களின் எதிர்காலத்தைக் கணிப்போர் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நம் சூரியனும் சிவப்புப் பெருவிண்மீனாகி, வெண்குள்ளனாகச் சுருங்குவதற்குள் தன் நிறையில் ஏறக்குறையப் பாதியை இப்படியே இழக்கும். முதிய விண்மீன்கள் வீசும் இந்தக் காற்றில் கரிமமும் தூசியும் கலந்திருக்கின்றன. அடுத்த தலைமுறை விண்மீன்களும் கோள்களும் உருவாகும்போது அவையும் அவற்றில் சேர்கின்றன.