நீண்டகரைப் பெண்கள்

1952ஆம் ஆண்டு இந்திய அரசும் நோர்வே அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக, மறு ஆண்டிலே, கொல்லத்துக்கு வடக்கே அட்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் இருமருங்கும் அமைந்த நீண்டகரை, சக்திகுளங்கரை முதலிய ஊர்களில் மீன்பிடி அபிவிருத்தித் திட்டமொன்று தொடங்கிற்று. இயந்திரப் படகு, பனிக்கட்டிச் சாலை, சுகாதார நிலையம், குழாய்நீர் என்பன அதன் அங்கங்கள். (நோர்வே நாட்டார் பிற்காலத்தில் காரைநகரிலும் படகு கட்டுந் தொழிலுக்குத் துணைநின்றதை யாழ்ப்பாணத்துக் கரையோரத்தார் அறிவர்.)

திட்டம் வகுத்தோர் கடலுக்குச் செல்லும் ஆடவரையே தொழிலாளராகக் கண்டனர். நோயும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பெண்ணுக்கு உண்டென்று உணர்ந்தவர்கள், அவளுக்கு ஒரு தொழிலும் உண்டென்பதைப் போதிய அளவு கருதினாரல்லர்.

உண்மையில், வள்ளம் கரை சேர்ந்த கணத்திலிருந்து மீன் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பாயிற்று. மணலிலே ஏலங் கூறப்படும் மீனைச் சிறுகச் சிறுக வாங்கி, கூடையில் ஏற்றித் தலைச்சுமையாக உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசென்றவள் அவள். எஞ்சியதை உப்பிட்டு உலர்த்தினாள். ஓய்ந்த வேளையில் நூல் திரித்து வலை பின்னினாள். ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறி வள்ளங்கள் கரையிற் கிடக்கும்போது அடுப்பெரிந்தது அவள் பெற்ற கடனாலும் சில்லறை வாணிகத்தாலுமே. வள்ளம் அவளுக்கு உரிமையன்று; அவளுடைய சீதனப் பணமே சில குடும்பங்களில் வலையாகவும் வள்ளமாகவும் மாறிற்று. எனினும் கையிலே காசு புழங்கியமையால் வறுமைக்கிடையிலும் வீட்டில் அவள் சொல் எடுபட்டது.

பின்னர் நைலோன் வலை வந்தது. கைவலைக்கு மதிப்புக் குன்றிற்று. துறைமுகத்தில் பெருந்தொகை மீன் ஒருசேர ஏலம் போயிற்று. முதலும் பனிக்கட்டியும் லொறியும் உடைய வியாபாரிக்கு முன்னால் கூடைக்காரி எவ்வாறு நிற்பாள்?

ஆனால் இழப்பு மட்டுமே நேர்ந்ததென்பதும் பொருந்தாது. முன்னர் உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டதும், சிலவேளை தென்னைக்கு எருவாக இடப்பட்டதுமான இறால், உறையவைத்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் அரும்பண்டமாயிற்று. சக்திகுளங்கரைக் கத்தோலிக்கப் பெண்கள் இறால் வாங்கி விற்கவும் தோலுரிக்கவும் முந்திக்கொண்டனர். சிலர் ஆடவருக்கு நிகராகச் சம்பாதித்தனர். அயலிலுள்ள புத்தன்துறை அரையர் குலப் பெண்களுக்கோ கயிறு திரித்தலே தொழிலாக நீடித்தது. ஒரே திட்டம், ஒரே கடற்கரை. பலன் மட்டும் வேறு. இவ்வேறுபாட்டை லீலா குலாத்தி 1984இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்துள்ளார்.

இறால் உரிக்குஞ் சாலைகளிற் பனிநீரில் மணிக்கணக்காகக் கைதோய்த்து, குந்தியிருந்து வேலை செய்தோரின் விரல்கள் புண்பட்டன. கூலியோ உரித்த அளவுக்கே. படகு வராத நாளில் அதுவும் இல்லை.

1972இல் திட்டம் முடிவுற்றது. இழுவைப் படகுகள் பெருகவே சிறு வள்ளத்தாரின் மீன் குறைந்தது. அவர்களை நம்பிய பெண்கள் மேலும் தொலைவு நடந்தனர். திருவனந்தபுரம் பகுதியிலே, மீன் நாற்றமென்று கூறிப் பொதுப் பேருந்துகளில் அவர்களை ஏற்ற மறுத்தனர். கூடைக்காரிகள் ஒன்றுகூடிக் கிளர்ச்சி செய்தனர். அதன் விளைவாக 1980ஐ அடுத்த ஆண்டுகளில் மீன் விற்கும் மகளிருக்கெனத் தனிப் பேருந்துகளை அரசு ஓடவிட்டது.