இடது காலுக்கு ஒரு விடுதலை

கொட்டிவாக்கத்துலேருந்து கிண்டிக்கு காலை நேரத்துல கார் ஓட்டுறவங்களைக் கேட்டுப் பாருங்க. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது முழங்கால் படுற பாட்டைச் சொல்வாங்க.

அந்தப் பெடலை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்லயே ஜெனரல் மோட்டார்ஸ் தூக்கிட்டாங்க. ஹைட்ரமாட்டிக்னு பேர். எஞ்சின் சக்தி ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குப் போகும். அப்புறம் நம்ம ஊர்ல மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

ரெண்டே காரணம்தான்: விலை, மைலேஜ். ஆயில்ல கொஞ்சம் சக்தி வீணாகும். "எவ்ளோ குடுக்கும்?"னு கேட்டு கார் வாங்குறவங்ககிட்ட அது எடுபடுமா? அதனால இங்க ஆட்டோமேட்டிக் கார்கள் வந்தும் பெரும்பாலானவங்க தொடல.

முடிச்சை அவிழ்த்தது 2014ல வந்த மாருதி செலேரியோ. அதுல இருந்தது ஏஎம்டி. சூட்சுமம் ரொம்ப எளிமை. கியர்பாக்ஸ் அதே பழைய மேனுவல்தான். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் கம்ப்யூட்டர் சொல்படி ஒரு கருவி செய்யும். இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி தொழில்நுட்பம். கம்பெனி கணக்குல மேனுவலுக்கும் இதுக்கும் ஒரே மைலேஜ்: லிட்டருக்கு 23.1 கி.மீ.!

நம்ம பக்கமும் சும்மா இல்ல. ஒரகடத்துலேருந்து 2016ல ரெனால்ட் க்விட் ஏஎம்டி வந்துச்சு. கியர் லீவருக்குப் பதிலா டேஷ்போர்டுல ஒரு டயல். 2018ல இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயின் புது சான்ட்ரோ.

கியர் மாறும்போது ஏஎம்டி லேசா தலையாட்டும், வாஸ்தவம்தான். "சோம்பேறி வண்டி"ன்னு கிண்டல் பண்றவங்களும் உண்டு. ஆனா மூட்டு தேஞ்சவங்களுக்கும், இடது கால் ஒத்துழைக்காதவங்களுக்கும் இது சொகுசு இல்லீங்க. யார் தயவும் இல்லாம வெளிய போற சுதந்திரம். என்னைக் கேட்டா, மைலேஜை விட அதுதான் பெரிய கணக்கு.