எல்ஃப்களும் இறைச்சியும்

எல்ஃப்கள் வட ஐரோப்பியப் பழங்கதைகளில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டுக் கற்பனை இலக்கியத்தின் வழியாகத் திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் வந்து சேர்ந்த இனத்தார். கூரிய காது, நீண்ட ஆயுள், காட்டோடு ஒட்டிய வாழ்வு ஆகியவை இன்று இவர்களின் அடையாளங்கள். இலையும் கனியும் மட்டுமே உண்பவர்கள் என்ற எண்ணமும் இவற்றோடு சேர்ந்து பரவியிருக்கிறது. மூலக்கதைகளைப் படித்தால் அந்த எண்ணம் நிற்காது. பழைய சடங்குகளிலும், டோல்கீனின் நாவலிலும், விளையாட்டு உலகங்களிலும் எல்ஃப் குடியிருப்பைச் சுற்றி இறைச்சி இருக்கிறது. அது வீட்டோடும் குடும்பத்தோடும் பிணைந்தும் இருக்கிறது.

நோர்டிக் மரபு

கிறித்தவம் முழுதாக வேரூன்றாத காலத்து ஸ்காண்டிநேவியாவில் எல்ஃப்களுக்குப் பலியிடும் சடங்கு ஒன்று இருந்தது. அதன் பெயர் ஆல்ஃபப்லோட். பொதுக் கோயிலில் ஊர் கூடிச் செய்யும் வழிபாடு அல்ல இது. இலையுதிர் காலத்தில் அந்தந்தப் பண்ணை வீட்டார் கதவை அடைத்துக்கொண்டு தமக்குள் செய்தது. நார்வே மன்னர் இரண்டாம் ஓலாஃபின் அவைப் புலவரான சிக்வாட் தோர்டார்சன் ஏறத்தாழ 1018-இல் சுவீடனுக்குப் பயணம் போனபோது இரவு தங்க இடம் கேட்டு இத்தகைய வீடு ஒன்றின் வாசலில் நின்றார். உள்ளே பலிச் சடங்கு நடக்கிறது, அந்நியர் வரலாகாது என்று அந்த வீட்டுப் பெண் அவரைத் திருப்பி அனுப்பியதை அவரே பாடல்களில் பதிந்துவைத்தார். சடங்கைப் பற்றிய நேரடிச் சான்றுகளில் இதைவிட உயிருள்ள ஒன்று இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஐஸ்லாந்துக் கதையான கோர்மாக் சாகா இன்னும் துல்லியமானது. கோர்மாக்கோடு தனித்துப் பொருதிய போட்டியில் காயப்பட்ட தோர்வார்ட், குறிசொல்லும் தோர்டிஸிடம் மருந்து கேட்கிறான். அருகிலுள்ள மேட்டில் எல்ஃப்கள் குடியிருக்கிறார்கள் என்கிறாள் அவள். போட்டி முடிந்ததும் கோர்மாக் வெட்டிய காளையை வாங்கி, அதன் குருதியை மேட்டின்மேல் பூசி, இறைச்சியை எல்ஃப்களுக்கு விருந்தாக வைத்தால் காயம் ஆறும் என்பது அவள் சொன்ன வழி. கோர்மாக் காளையைச் சும்மா கொடுத்துவிடவில்லை. தான் விரும்பிய ஸ்டெயின்கெர்ட் அணிந்திருந்த மோதிரத்தை விலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். விலை பேசி வாங்கிய இறைச்சி எல்ஃப்களின் வாசலுக்குப் போன இந்த நிகழ்ச்சியில், நலம் தருவதற்கு அவர்கள் கேட்பது காளைக்கறி. பூவோ கனியோ அல்ல.

டோல்கீனின் காட்டு எல்ஃப்கள்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நாவலில் மிர்க்வுட் காட்டு எல்ஃப்கள் வேட்டைக்காரர்கள். ஊதுகொம்பும் நாய்களின் குரைப்பும் தொலைவில் கேட்கின்றன. இரவில் தீ மூட்டி விருந்துண்கிறார்கள். உணவு தீர்ந்து காட்டில் தவித்துக்கொண்டிருந்த குள்ளர்களைப் பாதையை விட்டு இழுத்தது அந்தத் தீயின் ஒளி; விருந்து வட்டத்துக்குள்ளேயே பாயவைத்தது அங்கே எழுந்த வறுத்த இறைச்சியின் மணம். கதை திரும்புமிடமே அதுதான். இவர்களின் அரசர், மனிதர் வாழும் ஏரி நகரத்தோடு பீப்பாய்களில் சரக்கு வாங்கி விற்பவர். வாணிகம் அறியாத காட்டுவாசிகளாகவும் இவர்களைக் கருத முடியாது.

மாறான குரலும் அவர் எழுத்தில் உண்டு. அவர் மறைந்தபின் 1977-இல் வெளிவந்த ‘தி சில்மரில்லியன்’ நூலில் ஒசிரியண்டின் பச்சை எல்ஃப்கள் புதிதாக வந்த மனிதர்களை மரம் வெட்டுவோர், விலங்குகளை வேட்டையாடுவோர் என்று குறைகூறி, ஃபின்ராட் அரசரிடம் முறையிடுகிறார்கள். அதே நூலில்தான் ஃபெயனோரின் மகன் கெலெகோர்ம் வேட்டை நாயோடு திரியும் வேட்டைக்காரனாக வருகிறான். எல்லா எல்ஃப்களுக்கும் ஒரே உணவுமுறையை டோல்கீன் விதிக்கவில்லை என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. பீட்டர் ஜாக்சன் 2012-இல் எடுத்த ஹாபிட் திரைப்படத்தின் முதல் பாகத்தில் ரிவெண்டல் என்ற எல்ஃப் குடியிருப்பின் விருந்து முழுக்கக் கீரையாக இருந்து, குள்ளர்கள் கறியைத் தேடுவார்கள். சைவ எல்ஃப் என்ற படிமத்தை அந்தக் காட்சி பலர் மனத்தில் உறுதிப்படுத்தியது. நாவலில் அப்படி ஒரு காட்சி இல்லை.

வாலன்வுட்: பச்சை உடன்படிக்கை

எல்ஃப்களின் இறைச்சி உணவை ஒரு முழுமையான சமூக ஒழுங்காக வளர்த்தெடுத்தது ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ விளையாட்டு வரிசை. 1994-இல் தொடங்கிய இவ்வரிசையில் போஸ்மர் எனப்படும் வன எல்ஃப்கள் வாலன்வுட் காட்டில் வாழ்கிறார்கள். 1998-இல் ‘ரெட்கார்ட்’ விளையாட்டோடு வந்த கையேடு இவர்களின் பழக்கங்களை விவரித்தது. 2014-இல் வெளியான ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ அவற்றை விரித்தது.

உருவமற்றுக் கிடந்த உயிர்களுக்கு யிஃப்ரே என்ற வனத்தெய்வம் வடிவம் தந்தது. அதற்கு ஈடாக வாலன்வுட்டின் செடிகொடிகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று போஸ்மர் வாக்களித்தார்கள். இதுவே பச்சை உடன்படிக்கை. காட்டின்மீது கொண்ட பற்றினாலேயே இவர்கள் கறி மட்டும் உண்கிறார்கள். இயற்கையை நேசிப்பவர் இலை தின்பவராகத்தான் இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கை இப்படைப்பாளிகள் துணிவோடு தலைகீழாக்கினார்கள். பருகுவதும் விலங்கிலிருந்தே: பன்றிப்பாலைப் புளிக்கவைத்த ஜாகா, இறைச்சிச் சாற்றைப் புளிக்கவைத்த ராட்மெத். புகைக்கும் குழாய் எலும்பால் ஆனது. அதில் அடைப்பது கம்பளிப்பூச்சி.

உடன்படிக்கையின் கடுமையான பகுதி இறைச்சிக் கட்டளை. போரில் வீழ்த்திய எதிரியை மூன்று நாளுக்குள் முழுவதும் உண்டு தீர்க்க வேண்டும். வீழ்த்தியவரின் குடும்பத்தார் அதில் கைகொடுக்கலாம். ஆகவே பெரும்போருக்கு முன் பட்டினி கிடந்து தயாராவது இவர்களின் வழக்கம். வெப்பமான காட்டில் கறி கெடாமல் தாங்கும் காலத்தை எண்ணினால் அந்த மூன்று நாள் கெடுவில் நடைமுறை அறிவும் இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்பதே கட்டளையின் உட்பொருள். கொன்றவர் அந்தச் சாவுக்கு முழுப் பொறுப்பேற்கிறார்.

குடும்பக் கறிக்கடை

இந்த விதிகளின்கீழ் போஸ்மர் ஊரில் ஒரு குடும்பக் கறிக்கடை எப்படி இயங்கும் என்பதை ஓரளவு தெளிவாகவே ஊகிக்கலாம். தச்சரும் உழவரும் மற்ற ஊர்களில் செய்யும் வேலையின் பெரும்பங்கு இங்கே கறிக்கடைக்காரரின் கைக்கு வந்துவிடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் வன எல்ஃப் பாணியில் ஆயுதமோ கவசமோ செய்ய எலும்பு தேவைப்படுகிறது. எனவே ஒரு மான் கடைக்கு வந்தால் தொடையும் விலாவும் ஈரலும் அடுப்புக்கு, எலும்பு ஆயுதம் செய்பவருக்கு, நரம்பு வில்நாணுக்கு, தோல் உடைக்கு என்று பிரிந்து போகும். தள்ளிவிட எதுவும் மிஞ்சாது.

சிறு பொருள்களில்தான் சிக்கல் அதிகம். கறி வெட்டும் கட்டையை உள்ளூர் மரத்தில் செய்ய முடியாது. பொட்டலம் மடிக்க இலை பறிக்க முடியாது. வேறு இனத்தார் வேறு நாட்டில் வெட்டிய மரத்தை விலைக்கு வாங்கத் தடையில்லை என்பதால், வசதியுள்ள கடையில் அயல்நாட்டுக் கட்டை இருக்கும். மற்றவர்களுக்குத் தட்டையான பெரிய எலும்பு போதும். உப்பு மண்ணிலிருந்து கிடைப்பதால் உப்புக்கண்டம் போடலாம். உள்ளூர்ச் செடியில் விளையும் மசாலாவுக்கு இடமில்லை. இப்படிப்பட்ட தொழில் நுணுக்கங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறுவதே இயல்பு. கட்டளையே குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்ளும் சமூகம் இது.

பிற உலகங்கள்

2004-இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் இரவு எல்ஃப்களும் காட்டைப் போற்றுபவர்கள். அவர்களின் டோலனார் ஊரில் சமையல் கற்றுத்தரும் ஸாரின் என்ற பாத்திரம் புதியவர்களிடம் சிலந்திக் கால்கள் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் கபாப் செய்யும் முறையைக் கற்பிக்கிறது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகத்துக்கே திரும்பினால், வாலன்வுட்டுக்கு வெளியே பிறந்து வளர்ந்த போஸ்மர் பலர் உடன்படிக்கையைக் கைக்கொள்வதில்லை. அது வாலன்வுட் மண்ணின் தாவரங்களைக் காக்கவே செய்யப்பட்டது என்பதால், அயலூரில் ரொட்டியும் காய்கறியும் உண்பதைக் குற்றமாக அவர்கள் கருதுவதில்லை.