கொல்லாமல் விட்ட இரு தந்தையர்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய படங்களில் தளபதிகளும் போர்க்களங்களும் மிகுதி. விவசாயியின் வீட்டு முற்றத்தில் நின்று அந்தப் போரைப் பார்த்த படங்கள் சிலவே. அவற்றுள் வில்லியம் வைலரின் ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ (1956), ஆண்ட்ரூ மெக்லாக்லனின் ‘ஷெனண்டோவா’ (1965) ஆகிய இரண்டும் அடுத்தடுத்துப் பார்க்கத் தக்கவை. முன்னது வடக்கே இண்டியானாவில் நிகழ்கிறது; பின்னது தெற்கே வர்ஜீனியாவில். இரு வீடுகளின் தலைவரும் போருக்கு வர மறுக்கிறார்கள்.

மறுப்பு ஒன்றுதான், காரணங்கள் எதிரெதிர். கேரி கூப்பர் நடித்த ஜெஸ் பேர்ட்வெல் குவேக்கர் நெறியைச் சேர்ந்தவர். ஆயுதம் ஏந்துவது அவருக்குப் பாவம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த சார்லி ஆண்டர்சனுக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. அவர் வீட்டில் துப்பாக்கிக்கும் குறைவில்லை. அடிமைகள் யாருமின்றித் தம் பிள்ளைகளோடு உழைத்து உருவாக்கிய 500 ஏக்கர் நிலமே அவர் உலகம். அதற்கு வெளியே நடக்கும் சண்டை தமக்கு உரியதல்ல என்கிறார். இரு படங்களிலும் ஆள் கேட்டு ராணுவ அதிகாரி வருகிறார். இண்டியானாவில் அவர் வழிபாட்டுக் கூடத்துக்குள்ளேயே நுழைந்து மனசாட்சியைச் சோதிக்கிறார். வர்ஜீனியாவில் வீடு தேடி வந்து, மாநிலத்துக்குச் செய்ய வேண்டிய கடமையை நினைவூட்டுகிறார். ஜெஸ் கடவுளைக் காட்டி விலகுகிறார். சார்லி தம் வியர்வையைக் காட்டி விலகுகிறார்.

கடவுளும் இரு வீடுகளுக்கும் மனைவியின் வழியாகவே வருகிறார். ஜெஸ்ஸின் மனைவி எலைசா ஊர் குவேக்கர்களுக்குப் போதகர். கணவர் ஆசைப்பட்டு வாங்கிய இசைப்பெட்டியைப் பரணுக்கு அனுப்பும் அளவுக்குக் கண்டிப்பானவர். சார்லியின் மனைவி மார்த்தா இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வதும் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதும் அவருக்குக் கொடுத்த வாக்கு. அந்த ஜெபத்தில் உழுததும் விதைத்ததும் அறுத்ததும் தாங்களே என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் சார்லி கடவுளுக்கு நன்றி சொல்கிறார். நம்பிக்கையால் ஆளப்படும் வீடு அது. நினைவால் ஆளப்படும் வீடு இது.

அடிமை முறையைப் பற்றிய கேள்வியை இரு படங்களும் தவிர்க்கவில்லை. பேர்ட்வெல் பண்ணையில் வேலை செய்யும் ஈனாக், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர். அடிமை முறையை வெறுத்தும் அதை ஒழிக்க நடக்கும் போரில் சேராத குவேக்கரின் சங்கடம் அவர் அருகில் நிற்கும்போது கூர்மையாகிறது. ஷெனண்டோவாவில் கேப்ரியல் என்ற அடிமைச் சிறுவன், சார்லியின் கடைக்குட்டிக்கு விளையாட்டுத் தோழன். வடக்குப் படை வந்ததும் விடுதலை பெற்று அதே படையின் சீருடையை அணிகிறான். பின்னர் போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடக்கும் தோழனைக் காப்பாற்றுபவனும் அவனே. தமக்குச் சம்பந்தமில்லை என்று சார்லி ஒதுக்கிய போர் விடுவித்த ஒருவன்தான் அவருக்கு மகனைத் திருப்பித் தருகிறான். ஒதுங்கி நிற்கும் நியாயத்துக்கு இதைவிட அழுத்தமான மறுமொழியை வைலரின் படத்தில் காண முடியாது.

போர் இரு வீடுகளுக்குள்ளும் மகனின் வழியாக நுழைகிறது. ஜெஸ்ஸின் மகன் ஜாஷ் தானே முடிவெடுத்துப் போகிறான், கண்ணீரோடு சுடுகிறான். சார்லியின் கடைக்குட்டி எந்த முடிவும் எடுக்கவில்லை. ஓடையில் கண்டெடுத்த தெற்குப் படைத் தொப்பியைத் தலையில் வைத்திருந்ததால் கைதியாகிறான். மகனைத் தேடி இரு தந்தையரும் பண்ணையை விட்டுப் புறப்படுகிறார்கள்.

எதிர்பாராத உறவு வெளிப்படுவது இந்தத் தேடலில்தான். அண்டை வீட்டு நண்பர் சாம் ஜோர்டன் குண்டடிபட்டு இறந்த இடத்தில், மறைந்திருந்த எதிரி ஜெஸ்ஸையும் சுடுகிறான். கைகலப்பில் துப்பாக்கி ஜெஸ்ஸின் கைக்கு வருகிறது. உனக்குத் தீங்கு செய்யமாட்டேன், போ என்று அவனை அனுப்பிவிடுகிறார். சார்லியின் மகன் ஜேக்கப்பைச் சுட்டுக் கொன்றவன் பதினாறு வயதுக் காவல் சிப்பாய். எதிரி என்று எண்ணிப் பதற்றத்தில் சுட்டவன். சார்லியும் அவனைக் கொல்லவில்லை. நீ நெடுநாள் வாழ வேண்டும், பிள்ளைகள் பெற வேண்டும், அவர்களில் ஒருவனை எவனாவது கொல்லும்போது என் வேதனையை அறிய வேண்டும் என்கிறார்.

செயல் ஒன்று, பொருள் வேறு. ஜெஸ் உயிரைக் கொடையாகத் தருகிறார். சார்லி அதையே தண்டனையாகத் தருகிறார். ஆயினும் ஒரு நெறியின் துணையோடு ஜெஸ் சென்று சேர்ந்த இடத்துக்கு, எந்த நெறியும் இல்லாத சார்லி துக்கத்தின் வழியாகவே வந்து சேர்கிறார். ஜெஸ்ஸின் முடிவு பல ஆண்டுகளாக வழிபாட்டுக் கூடத்தில் பழகியது. சார்லியின் முடிவு அந்தக் கணத்தில் பிறந்தது.

படைத்தவர்களின் வாழ்விலும் இப்படி ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்து ஆவணப்படம் எடுத்த வைலர், அந்தப் பணியில் ஒரு காதின் கேட்கும் திறனை இழந்தார். ஸ்டூவர்ட் அதே போரில் குண்டுவீச்சு விமானியாக ஜெர்மனி மீது பறந்தார். போரை மறுக்கும் இரு கதைகளுக்கும் போரை உள்ளிருந்து அறிந்தவர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். வைலரின் படத்துக்குத் திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்சன் அரசியல் காரணத்தால் கறுப்புப் பட்டியலில் இருந்தார். மனசாட்சியைப் பற்றிய அந்தப் படம் அவர் பெயரில்லாமலே வெளியானது. 1996-இல்தான் பெயர் சேர்க்கப்பட்டது.

குறைகளும் சமமாகவே உள்ளன. வைலரின் படத்தில் பேர்ட்வெல் குடும்பம் முழுதாக உயிர் பிழைக்கிறது. சோதனை சற்று இலகுவானது என்று ஒருவர் வாதிடலாம். மெக்லாக்லன் இரு மகன்களையும் ஒரு மருமகளையும் பறித்துவிட்டு, ஊன்றுகோலோடு கடைக்குட்டியைத் தேவாலயத்துக்குள் கொண்டுவருகிறார். அந்த ஆறுதல் சற்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்குமுன், வழக்கமான ஜெபத்தைச் சொல்ல முயன்று முடிக்க முடியாமல் சார்லி எழுந்து போகும் காட்சி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. நிலத்தின் மீது அவர் வைத்திருந்த உரிமைக் கணக்கு அங்கே உடைகிறது.

ஆகவே பேர்ட்வெல்லை முதலிலும் ஆண்டர்சனைப் பின்னரும் பார்ப்பது நல்லது. கொல்லாமைக்கு முன்கூட்டியே பழகிய மனம் எப்படித் தாங்குகிறது என்பதை முதல் படம் கற்பிக்கிறது. அந்தப் பழக்கமே இல்லாதவரும், எல்லாம் இழந்த நிலையில், பழிவாங்காமல் நிறுத்திக்கொள்ள முடியும் என்பதை இரண்டாம் படம் நிறுவுகிறது. முதலாவது போற்றத் தக்கது. இரண்டாவது, நெறிகள் ஏதுமற்ற நம்மில் பெரும்பாலோருக்கு அதிக நம்பிக்கை தருவது.